சிங்கப்பூரில் வேலை, ஊரில் டெபாசிட்: வரிச் சலுகையைக் கேட்டு வாங்குங்கள்

நம்ம குமராட்சி, சிதம்பரம் பக்கத்திலிருந்து போய் சிங்கப்பூரில் குடியிருந்து வேலை பார்க்கிறவங்க, ஊர் வங்கியில் என்ஆர்ஓ டெபாசிட் வெச்சிருந்தா, ஒரு லட்சம் ரூபாய் வட்டிக்கு 31,200 ரூபாய் வரி பிடிப்பாங்க. இந்தியா-சிங்கப்பூர் வரி ஒப்பந்தப்படி அது 15,000தான். ஆனா கேட்டாத்தான் கிடைக்கும். சிங்கப்பூர் வரித்துறை தரும் குடியிருப்புச் சான்று, வருமான வரி இணையதளத்தில் நிரப்பிய அதற்கான படிவம், இரண்டையும் முன்கூட்டியே வங்கியில் கொடுங்க.

ஏற்கெனவே பிடிச்சிட்டாங்களா? ஐடிஆர்-2 தாக்கல் செய்யுங்க. 2025-26 நிதியாண்டில் வட்டி, வாடகைன்னு மொத்த இந்திய வருமானமே 4 லட்சத்துக்குள்ளன்னா, புதிய வரிமுறையில் பிடிச்ச முழுத்தொகையும் திரும்ப வரும், ஒப்பந்தமே தேவையில்லை. 15 சதவீதத்துக்கு மேல் வரி வரும் அளவு வருமானம் இருந்தா, நாடு, ஒப்பந்தப் பிரிவு 11, குடியிருப்புச் சான்று உண்டு என்பதை நீங்கதான் பதியணும். மென்பொருள் தானா போட்டுத் தராது. சான்றைச் செல்போனில் படம் எடுத்துப் பத்திரமா வையுங்க.