முன்பாரமும் பின்பாரமும்



"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்; வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதற்காகச் சொன்ன பழமொழி அது. இன்று அதன் நேர்ப்பொருளையே எடுத்துக்கொள்வோம். ஓடத்தை எந்த வண்டியில் ஏற்றுவது? எப்படி ஏற்றுவது? ஏற்றிய பிறகு சாலையில் ஆபத்து இல்லாமல் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? இவைதாம் இன்றைய பேச்சு.

ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து சாமான் வாங்குவது போலவே, ஓய்வு நாளில் தூண்டிலோடு கடலுக்கோ ஆற்றுக்கோ போவதும் அவர்களில் சிலருக்குப் பழக்கம். கரையில் நின்று தூண்டில் போட்டவர்கள் சிலர், இப்போது 'கயாக்' என்னும் சிறு படகில் ஏறிப் போகிறார்கள். கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்களின் சொல். மரச்சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து அவர்கள் வேட்டைக்குப் போன படகு அது. நம்முடைய 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போனது போல, அவர்களுடைய 'கயாக்' உலகமெங்கும் போயிற்று. இன்று மீன்பிடிக்க விற்கப்படும் கயாக் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. மூன்று முதல் நான்கு மீட்டர் நீளம் இருக்கும். எடை 25 கிலோவும் இருக்கலாம், 45 கிலோவைத் தாண்டியும் போகலாம்.

படகை வாங்குவது எளிது. அதை வீட்டிலிருந்து தண்ணீருக்குக் கொண்டுபோவதில்தான் தொல்லை தொடங்குகிறது. ஆகவே முதற்கேள்வி, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் நமக்குத் தேவைதானா என்பது.

வீட்டுக்கு அருகிலேயே தண்ணீர் இருந்தால் டிரெய்லர் வேண்டாம். இரண்டு சிறு சக்கரம் உள்ள கைவண்டி போதும். படகின் நடுப்பகுதிக்குக் கீழே அதை வைத்து வாரால் கட்டி, முன்நுனியைப் பிடித்து நடந்தபடியே இழுத்துப் போகலாம். ஆனால் அது நடைக்கு உரிய வண்டி. அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு கட்டி இழுக்கலாமே என்று பிள்ளைகள் கேட்டால், பெற்றோர் உறுதியாக மறுக்க வேண்டும். அந்தச் சக்கரத்துக்கு அந்த வேகம் தாங்காது. வளைவில் கயிறு ஒரு பக்கம் இழுக்கும். வண்டியை நிறுத்தும்போது படகு முதுகில் வந்து இடிக்கும்.

தண்ணீர் தொலைவில் இருந்து, படகும் இலேசானதாக இருந்தால், கார்க் கூரையில் கம்பி பூட்டி ஏற்றலாம். படகு கனமாக இருந்தாலோ, தூக்குகிறவர்களுக்கு வயதாகிவிட்டாலோ, டிரெய்லர்தான் நல்லது. இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் போதும். தலைக்கு மேலே தூக்க வேண்டியதில்லை.

சரி, டிரெய்லர் தேவை என்று முடிவாகிவிட்டது. இனி, அதைப் பற்றிய தலையாய பாடத்தைப் பார்ப்போம். அது நம் முன்னோர்கள் அறிந்த பாடமே.

தேக்காவைச் சுற்றி நடந்திருக்கிறீர்கள் அல்லவா? சீன ஹொக்கியன் மொழியில் 'சிறு மூங்கில்களின் அடிவாரம்' என்று பொருள்படும் சொல்லே தேக்கா ஆயிற்று என்பார்கள். அங்கே பஃபலோ ரோடு இருக்கிறது. கெர்பாவ் ரோடு இருக்கிறது. இரண்டுக்கும் பொருள் எருமைதான். மகப்பேற்று மருத்துவமனைக்குப் பெயர் தந்த 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். மாட்டு வியாபாரி ஒருவரின் பெயரால் அமைந்த பெலிலியோஸ் ரோடும் அங்கே உண்டு. காரணம் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிராங்கூன் ரோடு வட்டாரம் ஆடுமாடுகளுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் பேர்போன இடம். நகரத்தின் பாரத்தை மாடுகள் இழுத்தன. அவற்றை ஓட்டியவர்களில் நம்மவர்கள் மிகுதி. சைனாடவுனில் உள்ள 'கிரேத்தா ஆயர்' என்ற பெயருக்குக்கூடத் தண்ணீர் வண்டி என்றுதான் பொருள்.

அந்த மாட்டு வண்டிக்கு ஓர் அச்சு, இரண்டு சக்கரம். காருக்குப் பின்னால் இழுக்கும் சிறு டிரெய்லருக்கும் ஓர் அச்சு, இரண்டு சக்கரம். மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இப்போது காரின் கொக்கி இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும். மாட்டின் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிகவும் அதிகமானால் நுகத்தடி கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். ஆகவே அவர் சிறிதளவு முன்பாரம் இருக்கும்படி ஏற்றுவார்.

டிரெய்லருக்கும் இதே விதிதான். ஆனால் மாடு நடந்து போகும். கார் பறந்து போகும். வேகம் கூடும்போது பிழையும் பெரிதாகிறது. பின்பாரமாக ஏற்றிய டிரெய்லர், 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வாலை ஆட்டத் தொடங்கும். ஓர் ஆட்டம் அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். சில நொடிகளில் டிரெய்லர் காரையே ஒரு பக்கம் தள்ளிக் கவிழ்த்துவிடலாம். காருக்குள் இருப்பது நம் பிள்ளைகள். எதிரே வருவது இன்னொருவர் குடும்பம். முன்பாரம் பற்றி நாம் இவ்வளவு கவலைப்படுவது இதனால்தான்.

எவ்வளவு முன்பாரம் வேண்டும்? டிரெய்லர், படகு, சாமான் எல்லாவற்றின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். உங்கள் காரின் கொக்கி தாங்கும் அளவு, காரோடு வரும் கையேட்டில் இருக்கும். அந்த அளவை மீறக் கூடாது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்று போதும். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். படகையும் சாமான்களையும் போகும்போது இருக்கும்படியே ஏற்றுங்கள். தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் முன்நுனியை அதன்மேல் இறக்குங்கள். காரின் கொக்கி எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் முன்நுனி இருக்க வேண்டும். தராசு காட்டும் எடையில் மரக்கட்டையின் எடையைக் கழித்தால் முன்பாரம் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். டிரெய்லர் 100 கிலோ, படகு 40 கிலோ, சாமான் 20 கிலோ. மொத்தம் 160 கிலோ. பத்தில் ஒரு பங்கு 16 கிலோ. ஆனால் நீங்கள் அளந்தபோது முன்பாரம் 4 கிலோதான் இருந்தது. இன்னும் 12 கிலோ வேண்டும். அச்சிலிருந்து கொக்கி வரை இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12ஐ இரண்டரையால் பெருக்கினால் 30. அதைப் படகின் எடையான 40ஆல் வகுத்தால் முக்கால். ஆக, படகை முக்கால் மீட்டர் முன்னுக்குத் தள்ளிக் கட்ட வேண்டும். அவ்வளவு தள்ள இடம் இல்லையென்றால், சாமான் பெட்டியை முன்னே கொண்டுவரலாம். சில டிரெய்லர்களில் அச்சையே கழற்றிச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திப் பூட்டவும் முடியும்.

இனி, டிரெய்லரை வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நீளம். கொக்கியையும் சட்டத்தையும் இணைக்கும் முன்கட்டை நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால், கார் திரும்பும்போது படகின் மூக்கு காரின் பின்பக்கத்தில் இடிக்கும். பின்கதவையும் திறக்க முடியாது.

இரண்டாவது, வில். அதிகப் பாரம் தாங்கும் டிரெய்லரே நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். செம்பனைக் குலையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி எப்படிக் குதிக்கும் என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கனமான பாரத்துக்காகச் செய்த வில், 40 கிலோ படகுக்கு வளைந்து கொடுக்காது. ஒவ்வொரு குழியிலும் டிரெய்லர் துள்ளும். படகும் அடிபடும், கட்டும் தளரும். ஆகவே பாரத்துக்கு ஏற்ற மெல்லிய வில் உள்ளதையே தேடுங்கள்.

மூன்றாவது, சக்கரம். 40 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள சிறு சக்கரம் ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 800 தடவை சுற்ற வேண்டும். 56 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு ஏறக்குறைய 570 சுற்றுப் போதும். சுற்று குறைந்தால் பேரிங்கில் சூடு குறையும். தொலைதூரம் போகிறவர்களுக்குப் பெரிய சக்கரமே ஏற்றது.

நான்காவது, இரும்பு. கடலோரம் போகும் டிரெய்லருக்கு வெறும் பெயிண்ட் போதாது. துத்தநாக முலாம் பூசிய இரும்பாக இருந்தால் துரு தாமதமாகத்தான் பிடிக்கும்.

ஐந்தாவது, சட்டம். சாலையில் ஓடும் டிரெய்லருக்கு அரசாங்க விதிகள் உண்டு. மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திலும், பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காருக்குக் கொக்கி பூட்டலாமா, டிரெய்லரைப் பதிவு செய்வது எப்படி, காப்புறுதி செல்லுமா என்று மூன்றையும் கேளுங்கள். பழைய கார் அச்சை எடுத்துத் தோட்டத்துப் பட்டறையில் வெல்டிங் செய்துவிடலாம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அனுமதி முதலில், இரும்பு பிறகு. இல்லாவிட்டால் உழைத்த காசு பட்டறை மூலையில் துருப்பிடிக்கும்.

அடுத்து, படகைப் பொருத்துவது. வெறும் இரும்புக் கம்பி மேல் பிளாஸ்டிக் படகை வைத்து இறுக்கினால், வெயிலில் பிளாஸ்டிக் இளகி அடிப்பகுதி குழிந்துவிடும். படகின் அடிவளைவுக்கு ஏற்றபடி, கம்பளம் சுற்றிய மரப்பலகைகளை நீளவாக்கில் அமைத்து அவற்றின்மேல் வையுங்கள். பாரம் பரவலாக இறங்கும். குறுக்கே இரண்டு வார் போட்டு, கையால் இழுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். நெம்பி இறுக்கும் வார் பிளாஸ்டிக்கை நசுக்கிவிடும். முன்நுனிக்கு ஒரு கயிறு, பின்நுனிக்கு ஒரு கயிறு தனியே கட்டுங்கள். கட்டிய பிறகு படகைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். படகு தனியாக ஆடக் கூடாது. டிரெய்லரும் சேர்ந்து ஆட வேண்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

கொக்கியை மாட்டியதும், அது பூட்டிக்கொண்டதா என்று மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். காப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்குமறுக்காக மாட்டுங்கள். கொக்கி தவறினால், முன்நுனி சாலையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும். பிரேக் விளக்கும் திரும்பும் விளக்கும் எரிகின்றனவா என்று ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த வேலையை வீட்டில் இருக்கும் சிறு பிள்ளைகூடச் செய்யலாம்.

புறப்பட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, வாரைத் தொட்டுப் பாருங்கள். முதல் குலுக்கலில் அது தளர்ந்திருக்கும். சக்கரத்தின் குடத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் குறையில்லை. நெருங்க முடியாத சூடு என்றால், பேரிங் இறுகிவிட்டது அல்லது கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஓட்டாதீர்கள். சூடான குடத்தைக் கடல்நீரில் இறக்கவும் கூடாது. திடீரென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கயாக்கைக் கையாலேயே தூக்கி இறக்க முடியும் என்பதால், டிரெய்லரைத் தண்ணீருக்குள் விட வேண்டிய அவசியமே இல்லை. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வழியில் டிரெய்லர் வால் ஆட்டினால் என்ன செய்வது? பலமாகப் பிரேக் போடாதீர்கள். ஸ்டியரிங்கை மாற்றி மாற்றித் திருப்பாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் குறையும்; ஆட்டமும் அடங்கும். பிறகு ஓரமாக நிறுத்திப் பாரத்தை முன்னே மாற்றுங்கள். மாற்றாமல் மறுபடி வேகமெடுத்தால் மறுபடியும் ஆடும்.

நேயர்களே, சிராங்கூன் ரோட்டில் மாட்டு வண்டி ஓடிய காலம் முடிந்துவிட்டது. 1915ஆம் ஆண்டில் எழுந்த பழைய தேக்காச் சந்தைகூட 1982இல் எதிர்ப்புறத்துப் புதிய கட்டடத்துக்கு இடம் மாறிவிட்டது. ஆனால் ஓர் அச்சின்மேல் பாரம் ஏற்றும் விதி மாறவில்லை. உங்கள் வீட்டில் பழைய வண்டிக்காரர் யாரேனும் இருந்தால், புது டிரெய்லரில் படகு ஏற்றும் நாளில் அந்தத் தாத்தாவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ளுங்கள். "முன்பாரம் சரியா?" என்று அவர் கேட்கட்டும். பேரன் தராசைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.