பேறுகாலத்திற்கு யாரை நாடுவது?

(கீழப்பாவூர் வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளத்து மடையையும் சாலையையும் பற்றிப் பேசிப் பழகிய கூட்டத்தில் இன்று பேறுகாலத்தைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். இது பெண்கள் விஷயமாயிற்றே என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குச் செல்வது, எவ்வளவு செலவழிப்பது என்று பெரும்பாலான வீடுகளில் தீர்மானிப்பவர்கள் ஆண்களே. ஆகையால் உங்களிடம் பேசுவதே முறை.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தன. அரசு ஆஸ்பத்திரிகளில் 100க்கு 36. தனியார் ஆஸ்பத்திரிகளில் 100க்கு 64. அதற்கு முந்திய 2015-16ஆம் ஆண்டுக் கணக்கில் மொத்தம் 34தான். இவ்வீதம் 100க்கு 10ஐத் தாண்டிய பின்னர், அதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது.

அறுவை சிகிச்சையை நாம் குறை கூறவில்லை. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கிடந்தாலும், குழந்தை குறுக்கே கிடந்தாலும், அதன் இதயத் துடிப்பு தளர்ந்தாலும் அதுவே உயிர் காக்கும் வழி. தேவையின்றிச் செய்யும்போதுதான் தீங்கு. அடுத்த கருவின் நஞ்சு பழைய தழும்பின்மேல் ஒட்டிக்கொண்டு பெரும் உதிரப்போக்கை உண்டாக்கும் அபாயம் ஒவ்வோர் அறுவைக்கும் ஏறுகிறது. பீடி சுற்றியும் நாற்று நட்டும் குடும்பம் தாங்கும் நம் வட்டாரப் பெண்களுக்கு, எழுந்து நடமாடப் பிடிக்கும் நாட்களும் கூடுகின்றன. கடனைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

பசு கன்று ஈனும் வேளையில் அனுபவமுள்ள உழவர் என்ன செய்கிறார்? கூட்டத்தை விலக்குகிறார், சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கன்றின் கால் மாறி வந்தால் மட்டும் கால்நடை மருத்துவருக்கு ஆள் அனுப்புகிறார். மனிதப் பிறவியை மாட்டோடு ஒப்பிடுவதாகத் தாய்மார்கள் வருந்த வேண்டாம். கண்காணித்துக் காத்திருப்பதும் ஒரு வேலை என்பதற்காகவே சொன்னோம். அத்தகைய பொறுமையுடைய மருத்துவரையும் செவிலியரையும் தேடிக் கண்டுபிடிப்பதே நம் பொருள்.

இதைக் கேட்டுவிட்டு, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவரும் எழுந்துவிடக் கூடாது. 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோப் படங்களைப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்றபோது ஓர் இளம் தாய் உயிரிழந்தார். உதிரப்போக்கு தொடங்கினால் உயிர் காப்பதற்கான அவகாசம் மிகக் குறைவு. மருந்தும் இரத்தமும் கிடைக்கும் வழி அருகில் இருக்க வேண்டும்.

அப்படியானால் எங்கே செல்வது? 2018 இறுதியில் மத்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டு, செவிலியர்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சி அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாறு தேர்ந்தவர்கள் ஊர்தோறும் வந்து சேர நாளாகும். அதுவரை நமக்கு மருத்துவச்சி என்பவர், இரவும் பகலும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரே. சிக்கலில்லாத பேற்றை அங்கேயே பார்த்துக்கொண்டு, சிக்கல் தோன்றினால் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பலாம். அந்த நிலையத்தைத் தாண்டிப் பெரிய கட்டிடத்தைத் தேடிச் செல்வதே கௌரவம் என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருப்பது வருந்தத்தக்கது.

அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, ஏழாம் மாதத்திற்குள் நேரில் சென்று கேட்டுவிட வேண்டும். விதை வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்கிறோம் அல்லவா? சென்ற மாதம் எத்தனை பிரசவங்கள், அவற்றில் எத்தனை அறுவை என்று முதலில் கேளுங்கள். சிக்கலான கர்ப்பிணிகளையே ஏற்கும் பெரிய மருத்துவமனையில் எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும். அதைக் குற்றமாகக் கொள்ளலாகாது. எண்ணிக்கை எதுவாயினும் மறைக்காமல் சொல்கிறாரா என்பதே முக்கியம்.

வலி எடுத்த பின் தாயோ தமக்கையோ உடனிருக்கலாமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இவ்வழக்கம் 2004 முதலே ஏற்கப்பட்டது. நடமாடலாமா, கஞ்சி குடிக்கலாமா, பிறப்பு வாயை எல்லோருக்கும் வெட்டித் தைக்கிறீர்களா என்பவையும் கேட்க வேண்டியவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி, சிக்கலில்லாத பெண்கள் நடமாடவும் உண்ணவும் பருகவும் இடமளிக்கிறது. எல்லோருக்கும் வெட்டுவதை ஏற்கவில்லை. கருப்பை வாய் மணிக்கு 1 சென்டிமீட்டர் வீதம் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்திற்காகத் தலையிடலாகாது என்றும் கூறுகிறது. குறித்த நாள் கடந்தால் எத்தனை நாள் காத்திருப்பீர்கள் என்பதும் நல்ல கேள்வி. 41 வாரம் நிறைந்த பின்னும் காத்திருக்கச் சொல்பவரையும் நாம் ஆதரிக்கவில்லை. முதல் பேறு அறுவையானவர்கள், அடுத்தது இயல்பாக அமையுமா என்று கேட்கலாம். பலருக்கு அமையும், ஆனால் அறுவை வசதி உள்ள இடத்தில்தான் முயல வேண்டும்.

குறை முழுவதும் மருத்துவர்மேல் என்று சொல்லிவிடவும் முடியாது. நட்சத்திரமும் ஓரையும் குறித்த சீட்டோடு மருத்துவரிடம் சென்று, இந்த மணிக்குக் குழந்தையை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் யார்? வலியில் பெண் கதறும்போது, வெளியே நின்று, உடனே ஏதாவது செய்யுங்கள் என்று செவிலியரை நெருக்குபவர்கள் யார்? அந்த நெருக்கடியில் பொறுமையான மருத்துவரும் கத்தியை எடுத்துவிடுவார். பிறகு ஏதேனும் ஆனால் அடிக்கவும் நாம்தானே வருவோம் என்ற அச்சம் அவருக்கும் இருக்கிறது.

பஞ்சாயத்தினால் ஆகக்கூடியது சிறிதன்று. பஞ்சாயத்துத் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் அங்கம் வகிக்கும் கிராம சுகாதாரக் குழுவைக் கூட்டி, ஊரிலுள்ள கர்ப்பிணிகளில் யாருக்கு இரத்தக் குறைவு, யாருக்கு இரத்த அழுத்தம், யாருக்கு முன்பு அறுவை என்று செவிலியரிடம் கேட்டறியலாம். இதில் பெயர்களைப் பலரறியச் சொல்லாமல் காப்பது அங்கத்தினர் கடமை. சுகாதார நிலையத்தில் இரவுப் பணிக்குச் செவிலியர் குறைவென்றால் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள். 108 வண்டி வருமுன் அவசரம் நேர்ந்தால் நள்ளிரவில் யார் வீட்டுக் கார் புறப்படும் என்பதைத் தெருவுக்குத் தெரு இப்போதே பேசி வைத்து, அந்தத் தொலைபேசி எண்ணைக் கர்ப்பிணி வீட்டுச் சுவரில் எழுதிவிடுங்கள்.