சர்க்கஸ் நகரின் திருவிழா

ஊர் ஊராகச் சென்று கூடாரமிடுவதே சர்க்கஸ் கலைஞரின் வாழ்க்கை. எனினும், குளிர்காலத்தில் தங்கியிருக்க அவர்களுக்கும் ஓர் ஊர் வேண்டுமன்றோ? ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே, வபாஷ் ஆற்றங்கரையிலுள்ள பெரு என்னும் சிறு நகரம் அத்தகைய ஊராய் விளங்கிற்று.

அந்நகரில் குதிரை லாயம் நடத்திவந்த பெஞ்சமின் வாலஸ் என்பவர் 1884ஆம் ஆண்டில் ஒரு சர்க்கஸைத் தொடங்கினார். 1913ஆம் ஆண்டு வெள்ளத்தில் யானைகள் உட்படப் பல விலங்குகள் மாண்டபோதும் தொழில் நிலைத்தது. ஆனால், 1929இல் அங்கிருந்த பெரிய சர்க்கஸ் நிறுவனத்தை ஜோன் ரிங்லிங் விலைக்கு வாங்கினார். பின்னர் கூடாரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. முதுமையெய்திய கலைஞர் சிலரே ஊரில் எஞ்சினர்.

அவர்கள் மறைந்தால் அவர்தம் வித்தையும் மறைந்துவிடும். ஏட்டைப் படித்து எவரும் கம்பியில் நடக்கக் கற்பதில்லை. இதனை உணர்ந்த ஊரவர் 1960ஆம் ஆண்டு முதல் தம் பிள்ளைகளையே அரங்கேற்றினர். முதிய கலைஞர் அவர்களைப் பயிற்றினர்.

இன்றும் ஆண்டுதோறும் யூலை மாதத்தில் இவ்விழா நிகழ்கிறது. 7 முதல் 21 வயது வரையுள்ள உள்ளூர்ப் பிள்ளைகள் கம்பியில் நடக்கின்றனர், ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுகின்றனர். பயிற்றுவோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவருட் பலர் இளமையில் அதே அரங்கில் ஆடியவர்கள். நிறைவில் நகர வீதிகளிலே சர்க்கஸ் ஊர்வலம் செல்கிறது.

ஊஞ்சலிலிருந்து தாவும் பிள்ளையைப் பற்றிக்கொள்வது பெரும்பாலும் பள்ளித் தோழனின் கையே. அக்கையை நம்பித் தாவ ஒரு தலைமுறை பழகியிருக்கும்வரை, அவ்வூரின் பழங்கலைக்கு அழிவில்லை.