பழைய புகைக்கூண்டில் புது விறகடுப்பு



கேஸ் அடுப்பு வந்ததும் விறகடுப்பை இடித்துத் தள்ளிய வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். புகைக்கூண்டை மட்டும் பலர் தொடவில்லை. இடித்தால் ஓடு ஒழுகுமே என்று பலகை வைத்து மூடி விட்டுவிட்டார்கள். இப்போது சிலிண்டர் விலையைப் பார்த்து, நெல் அவிக்கவும், வெந்நீர் போடவும், விருந்து நாளில் பெரிய சட்டி ஏற்றவும் மறுபடி ஒரு விறகடுப்பு இருந்தால் தேவலை என்கிறார்கள். “அதான் கூண்டு இருக்கே, கீழே அடுப்பைப் போட்டால் போதாதா?” என்று கேட்பீர்கள். போதாதுங்க. கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை இந்தக் கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

புகைக்கூண்டு எதனால் இழுக்கிறது? சூடான காற்று லேசானது, மேலே ஏறும். அது ஏறும்போது கீழே இருப்பதை இழுக்கும். கூண்டின் அகன்ற வாய் அடுப்புக்கு மேலே திறந்தே இருந்தால், அது அறைக் காற்றைத்தான் முதலில் இழுக்கும். அடுப்புப் புகை பாதி மேலே போகும், பாதி சமைக்கிறவர் கண்ணில் போகும். அறைக் காற்று கலந்து கூண்டும் குளிர்ந்துவிடும். குளிர்ந்த சுவரில் புகை தாராகப் படியும். அந்தத் தார் ஒருநாள் தீப்பிடித்தால் கூண்டுக்குள்ளேயே கொழுந்துவிட்டு எரியும். ஆகவே அடுப்பைக் குழாய் மூலமாகக் கூண்டோடு இணைத்து, மற்ற திறப்பையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும்.

இணைக்கும் முன்னே கூண்டைச் சோதியுங்கள். மூடிய பலகையை எடுத்தால் மைனாக் கூடு, தேனடை, உதிர்ந்த காரை எல்லாம் விழும். பிறகு மேல்வாயை ஈரச் சாக்கால் மூடி, அடியில் கொஞ்சம் ஈர வைக்கோலைப் புகைய விடுங்கள். எந்த இடுக்கில் புகை கசிகிறதோ அங்கே கரிக்கட்டியால் கோடு போடுங்கள். 2011-இல் தானே புயலும் 2024-இல் ஃபெஞ்சல் புயலும் அடித்த பக்கம் இது. வெளியே பார்க்க நன்றாக நிற்கிற கூண்டில்கூட ஓட்டுக்குப் பக்கத்தில் வெடிப்பு இருக்கக்கூடும்.

அதைவிட முக்கியம், பனங்கை. சில பழைய வீடுகளில் கூரையின் பனங்கையைக் கூண்டுச் சுவருக்குள்ளேயே சொருகிவிடுவார்கள். வருஷக்கணக்காக வெப்பம் பட்ட மரம் உள்ளுக்குள்ளே கரியாகி, குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அப்படி இருந்தால் தச்சரை அழைத்து மரத்தை இரண்டு அங்குலமாவது விலக்கிய பிறகுதான் தீ மூட்ட வேண்டும். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருந்தால் இந்த வேலையே வேண்டாம். பொறி பறந்தால் வீடே போகும்.

அடுத்தது அளவு. பழைய கூண்டின் உள்வாய் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம் என்று வையுங்கள். பரப்பு 81 சதுர அங்குலம். அடுப்பின் நான்கு அங்குலக் குழாய்க்குப் பரப்பு பன்னிரண்டரைதான். ஆறு மடங்குக்கும் மேலே! மூன்று மடங்குக்கு மேல் போனால் புகை குளிர்ந்து இழுப்பு விட்டுப்போகும். இதற்கு வழி, கூண்டுக்குள்ளேயே ஆறு அங்குலச் சுட்ட மண் குழாயை அடியிலிருந்து மேல்வரை அடுக்குவது. குழாயின் அகன்ற வாய் மேல்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் தார்நீர் உள்பக்கமாகவே வடியும். சுற்றியுள்ள இடைவெளியில் உமிச் சாம்பல் கலந்த சுண்ணாம்புக் காரையை நிரப்பினால் சூடு தங்கும்.

அடுப்பிலிருந்து கூண்டுக்குப் போகும் குழாய் குட்டையாக, அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கிச் சாய்ந்து போக வேண்டும். மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளியே இருக்கட்டும். கூண்டுக்குள் நுழையும் நுனி உள்சுவரோடு சமமாக நிற்க வேண்டும், உள்ளே நீட்டினால் அதுவே அடைப்பு. சேரும் இடத்தைச் சிமெண்ட் வைத்து இறுக்கிவிடாதீர்கள். சூட்டில் குழாய் விரியும், சுவர் வெடிக்கும். களிமண்ணும் மணலும் பிசைந்து பூசுங்கள். குழாய் நுழையும் இடத்துக்குக் கீழே ஓர் அடி பள்ளம் விட்டு, அதில் எடுத்து மூடக்கூடிய ஒரு செங்கல் வாயும் வையுங்கள். கரியெல்லாம் அங்கேதான் விழும்.

கடலோரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தகரக் குழாயை உப்புக் காற்று சீக்கிரம் தின்றுவிடும். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கலந்த காரை பூத்துப் பொரிந்து உதிரும். உப்பளத்தில் கிடந்த கட்டையையும் எரிக்காதீர்கள், அதன் புகை குழாயை இன்னும் வேகமாக அரிக்கும். காய்ந்த சவுக்கும் முந்திரியும் நல்ல விறகு. முன்பு அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தில் வைத்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வீட்டில் கிடந்தால், அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்கு விஷம்.

அந்தத் திட்டத்தை நினைத்தால் ஒரு வருத்தம்தான். ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950-களிலேயே புகையில்லா அடுப்பைப் பற்றி எழுதினார். 1974-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ‘அஸ்திரா’ மையம் தோன்றி, பின்னால் மூன்று பானை வைக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தது. 1980-களில் நாடு முழுக்கத் திட்டம் வந்தது, 2002-இல் நிறுத்தப்பட்டது. அடுப்புகள் பல ஊர்களில் கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம், குழாயில் கரி அடைத்தும் யாரும் எடுக்காததுதான். விலை கொடுத்து வாங்கிய பொருளை விட்டுவிட்டு, பழையபடி புகையிலேயே உட்கார்ந்தார்கள்!

மாதம் ஒருமுறை பள்ளத்துக் கரியை அள்ளுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் மேலிருந்து கயிற்றில் கட்டிய பனைநார்த் துடைப்பத்தை விட்டு உருவுங்கள். ஒரு கூண்டுக்கு ஒரே அடுப்பு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது அது புகையைக் கூண்டிலிருந்து திரும்ப இழுக்கும், ஆகவே அதை அணைத்துவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். தணல் இருக்கும்போது கூண்டை மூடிவிட்டு அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

காரை பூசியதும் பெரிய தீ மூட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் நிழலில் உலரட்டும். பிறகு மூன்று நாள் ஒரு கை சுள்ளி மட்டும் எரித்துப் பார்த்து, சுவரை வெளியே தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடாக இருந்தால், அடுப்பை நிறுத்திவிட்டுக் கொத்தனாரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.