நகரம் என்று எழுதப்பட்ட மாவட்டம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றியும் அதன் மக்களைப் பற்றியும் பேசும்படி செயற்குழு பணித்திருக்கிறது. இங்கே அமர்ந்திருப்போரில் பலர் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஊரைப் பற்றி எங்களுக்கே சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். ஊர் உங்களுக்குத் தெரியும். அந்த ஊரை அரசாங்க ஏட்டில் எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 2011 கணக்குப்படி மக்கள் 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். தமிழ்நாட்டுச் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் நான் உங்கள் கவனத்தை இழுப்பது வேறோர் எண்ணின் மீது: அங்கே நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள்! அந்தக் கணக்கில் சென்னையை விட்டால் தமிழ்நாட்டில் அடுத்த இடம் குமரிக்குத்தான். கேரள மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 48கூட எட்டவில்லை.

அப்படியானால், அத்தனை பெரிய நகரவாசிகளான நாம் கொத்துவேலைக்கும் சுமட்டுக்கும் வீட்டுவேலைக்கும் ஏன் திருவனந்தபுரத்துக்கு வருகிறோம்?

இந்த ஊருக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. திருவிதாங்கூரின் தலைநகரம் முன்பு பத்மநாபபுரம். இன்றும் அந்த அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பது கேரள அரசு. நவராத்திரிக்கு அங்கிருந்து சரசுவதி அம்மன் இங்கே வந்து போகிறாள். அம்மனை இரு மாநிலப் போலீசும் அணிவகுத்து வரவேற்கிறார்கள். கொத்தனாரை யாரும் வரவேற்பதில்லை. அரசர் காலத்தில் நம் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகவே அடிபட்டார்கள். 1859-இல்தான் அரச விளம்பரம் வந்தது, அதுவும் முழு உரிமை தரவில்லை. 1806-இல் வந்த ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடியில் தொடங்கிய பணியும், இங்கே சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்ட அய்யா வைகுண்டரின் இயக்கமும் இல்லாமல் அந்த 91.75 விழுக்காடு வரவில்லை. பிறகு மார்ஷல் நேசமணி தலைமையில் தாய்த் தமிழகத்தோடு இணையும் போராட்டம். 1954 ஆகஸ்ட் 11-இல் துப்பாக்கிச்சூடு. சுட்டது பட்டம் தாணுப்பிள்ளையின் சோசலிஸ்ட் மந்திரிசபை. பதவி விலகு என்று சொன்னவர் அதே கட்சியின் லோகியா! 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கேட்டோம், கிடைக்கவில்லை.

எல்லை மாறியது, வேலைக்குப் போகும் வழி மாறவில்லை. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் போனது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1981-இல்தான். காலை வண்டியில் இரணியலிலும் குழித்துறையிலும் தூக்குப்பாத்திரத்தோடு ஏறும் கூட்டத்தைப் பார்த்தால் போதும்.

இப்போது அந்த 82-க்கு வருவோம். கணக்கெடுப்புத் துறை இரண்டு விதமாக ஓர் ஊரை நகரம் என்று எழுதுகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி பெயர் கிடைத்துவிட்டால், பூதப்பாண்டியில் நெல் விளைந்தாலும் குலசேகரத்தில் ரப்பர் பால் எடுத்தாலும் அது நகரம்தான். பெயர் கிடைக்காத ஊரானால் 5,000 பேர் இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வேண்டும், ஆண் தொழிலாளரில் நான்கில் மூவர் விவசாயம் அல்லாத தொழில் செய்ய வேண்டும். கேரளத்தில் 2011-இல் 520 நகரங்கள்; அவற்றில் 461 இந்த இரண்டாவது வகை. அதாவது கணக்கில் நகரம், ஆட்சியில் கிராமப் பஞ்சாயத்து. குமரியிலோ ஐம்பதுக்கு மேற்பட்ட பேரூராட்சிகள். கணக்கிலும் நகரம், ஆட்சியிலும் நகரம்.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? பாறசாலை கிராமப் பஞ்சாயத்து. எல்லையைத் தாண்டினால் களியக்காவிளை, அது பேரூராட்சி. 2005-இல் வந்த கிராமப்புற வேலை உறுதிச் சட்டம் பாறசாலைப் பெண்ணுக்கு அட்டை கொடுத்தது. இங்கே தொழிலுறப்பு என்பார்கள், நம் ஊரில் நூறு நாள் வேலை. களியக்காவிளைப் பெண்ணுக்கு அட்டை இல்லை, அவள் நகரவாசியாம்! இருவருக்கும் ஒரே வெயில், ஒரே மழை, ஒரே சந்தை. அவள் அந்தக் காலையில் பஸ் ஏறி இங்கே பாத்திரம் கழுவ வந்தாள். நகராட்சிப் பகுதிகளுக்கென்று கேரளம் 2010-இலேயே அய்யன்காளி பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2022-இல்தான் தொடங்கியது, அதுவும் சோதனையாக, பேரூராட்சிகளில் மாவட்டத்துக்கு ஒன்று என்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றியது. அதுவும் கிராமத்துக்கே.

கிராமம் ஆக்கு என்று கேட்பது நம் கோரிக்கை அல்ல. பேரூராட்சி என்றால் விளக்கும் சாலையும் சற்று முன்னே வருகின்றன, அதை விட வேண்டாம். பேரூராட்சித் தொழிலாளிக்கும் சட்டப்படி வேலை நாள் வேண்டும், அவ்வளவுதான். கேட்கப் போனால் அதிகாரி முதலில் கேட்பது, எத்தனை பேர் வெளியே போகிறீர்கள் என்பதே.

அந்த எண்ணிக்கை நம் வாயிலிருந்துதான் வர வேண்டும். மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். 2011-இல் பிறந்த ஊர், கடைசியாகக் குடியிருந்த ஊர், வந்த காரணம், தாய்மொழி எல்லாம் கேட்டார்கள். இங்கே ‘பாண்டி’ என்றும் அங்கே போனால் ‘மலையாளத்தான்’ என்றும் பேச்சு வாங்கி அலுத்துப்போன சிலர், தொல்லை வேண்டாம் என்று மலையாளம் என்றே சொல்லிவிடுகிறார்கள். தாய்மொழி தமிழ் என்றால் தமிழ் என்று சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வந்த காரணம் கேட்டால் கல்யாணம் என்பீர்கள். உண்மைதான். அதோடு எழுதுபவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். வேலை பற்றிக் கேட்கும்போது வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அண்டி ஆபீசில் பருப்பு உரிப்பதும் நாலு வீட்டில் துணி துவைப்பதும் வேலைதான். எத்தனை மாதம் செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பகலில் வீடு பூட்டிக் கிடந்தால், பக்கத்து வீட்டில் விவரம் எழுதிக் கொடுத்துப் போங்கள். கேள்விகளைத் தமிழில் எழுதிய தாள் வாசலில் இருக்கிறது, வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இங்கேயே படித்துச் சொல்கிறோம்.