சேர்ந்து பாடிய விடுதலை



விடுதலை நினைவு நாள் வந்தால் மேடை போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், பேர்பெற்ற பாடகர் ஒருவரை அழைக்கிறோம். அவர் பாடுவார். நாங்கள் கதிரையில் இருந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அறவழியில் நடந்த ஒரு போராட்டத்தை நினைவுகூர இது போதாது என்பதே இன்று நான் சொல்ல வந்த விடயம். அந்தப் போராட்டங்களில் நின்ற சனங்கள் தாங்களே வாய்திறந்து பாடியவர்கள்.

தமிழ்நாட்டின் வேதாரணியத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரனின் உப்புச் சட்டத்தை மீறுவதற்காக 1930 ஏப்ரல் 13ஆம் திகதி, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாளில், காங்கிரஸ் தலைவர் ராஜாஜி திருச்சியிலிருந்து புறப்பட்டார். அவரோடு ஏறத்தாழ நூறு தொண்டர்கள். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகக் கடற்கரை வரை சுமார் 150 மைல் நடை. அந்த நடைக்கென்றே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். ஆயுதமும் இரத்தமும் இல்லாத ஒரு யுத்தத்துக்கு ஆட்களைக் கூப்பிடும் பாட்டு. சங்கீதம் படித்தவர்கள்தான் பாடலாம் என்றில்லை. காலடிக்குத் தாளம் பிசகாமல், முதல் தரம் கேட்பவனும் கூடச் சேர்ந்து பாடக்கூடிய மெட்டு.

தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன், இந்தத் தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று அறிவித்தார். ஊர்ச் சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தது யாரென்று பொலிஸால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தன்னிடம் சவரம் செய்ய வந்தவர் பொலிஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஏப்ரல் 30ஆம் திகதி அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளிய ராஜாஜி கைதானார். இன்று அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. ஆனால் அந்தத் தூணைப் பார்த்திராத கோடிப் பேருக்கும் நாமக்கல் கவிஞரின் பாட்டு தெரியும்.

இப்படியான போராட்டங்களில் அடி விழும்போது திருப்பி அடிக்காமல் நிற்பது லேசான காரியமா? தனியாக நிற்பவனுக்குப் பயம் வரும், பயம் வந்தால் ஓடுவான் அல்லது கல்லை எடுப்பான். பக்கத்தில் நிற்பவனின் குரலும் தன் குரலும் ஒன்றாகக் கேட்கும்போது அவனுக்கு ஓடவும் தோன்றாது, கல்லெடுக்கவும் தோன்றாது. அந்தத் துணிவைக் கொடுத்தது பாட்டு.

வட ஐரோப்பாவிலும் இதே கதை நடந்தது. சோவியத் ஆட்சிக்குள் இருந்த எஸ்தோனியாவில் அன்று ஏறக்குறைய 15 இலட்சம் மக்கள். 1988 செப்டெம்பரில் தாலின் நகரத்துப் பாட்டு மைதானத்தில் கூடிப் பாடியவர்கள் சுமார் மூன்று இலட்சம் என்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவர்! அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாட்டு மக்களும் 600 கிலோமீற்றருக்கு மேல் கைகோத்து நின்றார்கள். 1991 ஓகஸ்ட் 20இல் எஸ்தோனியா சுதந்திரத்தை மீட்டது. இழப்பே இல்லாமல் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு ஜனவரியில் லித்துவேனியாவில் வெறுங்கையோடு நின்ற 14 பேரை சோவியத் படை கொன்றது. அதற்குப் பிறகும் சனங்கள் துவக்கைத் தூக்கவில்லை.

எஸ்தோனியர்கள் அந்த நாட்களை நினைவுகூரும் முறைதான் என்னைக் கவர்ந்தது. சுதந்திரம் மீண்ட இருபதாம் ஆண்டு நிறைவுக்கு 2011இல் அதே மைதானத்திலேயே இசை நிகழ்ச்சி வைத்தார்கள். 1869இல் தொடங்கிய அவர்களுடைய பாட்டுத் திருவிழா ஐந்து ஆண்டுக்கொருமுறை இன்றும் நடக்கிறது. பல்லாயிரம் பேர் மேடையில் ஏறிப் பாடுவார்கள், கீழே இருப்பவர்களும் கூடவே பாடுவார்கள். பாடுபவர் யார், கேட்பவர் யார் என்று அங்கே பிரிக்க முடியாது.

எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரை ஆட்களுக்கு இப்படிச் சேர்ந்து பாடுவது புதினமா? வெல்லாவெளிப் பக்கத்தில் கூத்துக் களரி பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் கைவைப்பார், சல்லரி ஒலிக்கும், ஆடுபவர் வரியைத் தொடங்குவார், பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். சுற்றிவர இருக்கும் சனத்துக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். விடியும் வரை ஓர் ஊரே பாட்டோடு இருக்கும். இப்படிப்பட்ட மண்ணில், நினைவு நிகழ்ச்சி என்றால் வெளியூர் வாத்தியக் குழுவைப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நினைவுகூர எங்களுக்கும் நாட்கள் உண்டு. 1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தமிழ் பேசும் மாகாணங்களில் நிர்வாகம் தமிழில் நடக்கவேண்டும் என்பது கோரிக்கை. மட்டக்களப்பிலும் அப்போது ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதாவது அரச நிர்வாக அலுவலகத்துக்கு, முன்னால் சனங்கள் இருந்து மறித்தார்கள். கிழக்கில் தமிழரோடு முஸ்லிம்களும் கலந்துகொண்டார்கள். ஏப்ரல் 17இல் அவசரகாலச் சட்டம் போட்டு, இராணுவத்தை இறக்கி, தலைவர்களைக் கைதுசெய்து அந்தப் போராட்டத்தை அடக்கினார்கள். அது மொழியுரிமைக்கான போராட்டம். வேதாரணியத்து வழியில், கையோங்காமல் நடந்தது.

அன்று இருபது வயதில் அங்கே இருந்தவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஓர் அப்பப்பாவோ அம்மம்மாவோ இருந்தால், இன்று பின்னேரமே பக்கத்தில் போய் இருந்து கதை கேளுங்கள். அந்தக் காலத்தில் பாடிய பாட்டு ஏதும் அவர்களுக்கு நினைவிருந்தால் கைத்தொலைபேசியில் பதிந்துவையுங்கள். பிறகு அதை உங்கள் ஊர் அண்ணாவியாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கு.