பெயரைக் காப்பாற்றிக்கொள்வோம்

(கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், தணிக்கையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருமான வரி பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் இணையதளப் பெயர். டொமைன் என்கிறார்களே, டாட் காம், டாட் இன் என்று முடியும் பெயர்கள், அவற்றைப் பற்றித்தான். சில பெயர்களுக்கு லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். ஆனால் அவற்றைத் தக்க வைத்துக்கொள்ள ஆகும் செலவு சாதாரணமாக ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்தான். அதைக் கட்டாமல் விட்டு, நல்ல பெயரைப் பறிகொடுப்பவர்கள் ஏராளம். ஏன் இப்படி நடக்கிறது?

பணம் இல்லாமல் விட்டவர்கள் மிகக் குறைவு. நாற்பது வருஷம் பிறர் கணக்கைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குப் புலப்பட்ட காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெயரை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

முதலில் ஒரு விளக்கம். "டொமைன் வாங்கினேன்" என்று சொல்கிறோம். உண்மையில் நாம் வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறோம். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிவு செய்ய முடியும். நமது சங்கத்தில் இருப்பது போன்ற ஆயுள் சந்தா அங்கே கிடையாது. 1995 செப்டம்பர் வரை டாட் காம் பெயர்களுக்குக் கட்டணமே இல்லை. அந்த மாதத்திலிருந்துதான் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் டாட் இன் பெயர்கள் பொதுமக்களுக்குத் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது 2005-ல்.

கெடு தாண்டினால் அன்றே பெயர் போய்விடுமா? போகாது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, ஐகான் என்ற சர்வதேச அமைப்பின் விதிப்படி, பதிவாளர் நிறுவனம் கெடுவுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும். கெடு முடிந்து ஐந்து நாட்களுக்குள் மறுபடியும் ஒரு முறை தெரிவிக்க வேண்டும். இது 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிறகும் பெரும்பாலான நிறுவனங்கள் சில நாட்கள் அவகாசம் தருகின்றன. பெயர் நீக்கப்பட்டாலும், அபராதத்துடன் மீட்டுக்கொள்ள 30 நாட்கள் உண்டு. அதற்கும் பிறகு 5 நாட்கள் கழித்துத்தான் பெயர் பொதுச் சந்தைக்கு வரும். ஆனால் நல்ல பெயர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. பல பதிவாளர்கள் முன்னதாகவே ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். காலாவதியாகும் பெயர்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஆக, இத்தனை எச்சரிக்கை, இத்தனை அவகாசம் இருந்தும் பெயர் போகிறது. சின்னவர்களுக்கு மட்டும் இது நேர்வதில்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பாஸ்போர்ட்.காம் என்ற பெயரைப் புதுப்பிக்கவில்லை. ஹாட்மெயிலுக்குள் நுழைய அந்தப் பெயர் வேண்டும். பலரால் தபாலைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் மைக்கேல் சேனி என்ற அமெரிக்க புரோகிராமர் தன் கிரெடிட் கார்டிலிருந்து 35 டாலர் கட்டிச் சரி செய்தார். 2004-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வாஷ்போஸ்ட்.காம் பெயரைக் காலாவதியாக விட்டதில், அதன் ஊழியர்களின் இ-மெயில் நின்று போயிற்று. 2010-ல் டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற பெரிய கால்பந்துக் குழு, 2017-ல் மார்க்கெட்டோ என்ற மென்பொருள் நிறுவனம் என்று வரிசை நீளுகிறது. மார்க்கெட்டோவுக்குப் பணம் கட்டிக் காப்பாற்றியவர் அதன் வாடிக்கையாளர் ஒருவர்!

இவர்களிடம் பணம் இல்லையா, ஆள் இல்லையா? இரண்டும் இருந்தது. பொதுவாக ஒரு நிறுவனத்தில் பெயரால் பிழைப்பவர் ஒருவர், நினைவூட்டல் கடிதம் போய்ச் சேருவது இன்னொருவருக்கு, பணம் கட்ட அதிகாரம் உள்ளவர் மூன்றாமவர். இந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை. அலுவலகம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு தூரம் இவர்களுக்குள்.

இனி, நம் மாதிரி சாதாரண மனிதர்களிடமும் சிறு நிறுவனங்களிடமும் நான் பார்த்த காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கடிதம் போகும் முகவரி. பெயரைப் பதிவு செய்யும்போது யாரோ ஒரு பையன் உதவி செய்கிறான். தன் ஆபீஸ் இ-மெயில் முகவரியையே கொடுக்கிறான். பிறகு வேலை மாறுகிறான். பழைய முகவரி மூடப்படுகிறது. நினைவூட்டல்கள் எல்லாம் ஆள் இல்லாத வீட்டு வாசலில் விழுந்த தபாலாகிவிடுகின்றன. இதைவிட மோசம், அதே டொமைனில் உள்ள முகவரியையே கொடுப்பது. பெயர் முடங்கினால் அந்த முகவரியும் முடங்கும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை.

இரண்டாவது, "தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கை. கார்டு காலாவதியாகும், எண் மாறும். நம் நாட்டில் இன்னொன்றும் நடந்தது. ரிசர்வ் வங்கியின் புதிய விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலானபோது, முறைப்படி மறுபதிவு செய்யப்படாத தானியங்கிக் கார்டுக் கட்டணங்கள் நிராகரிக்கப்பட்டன. வெளிநாட்டுப் பதிவாளர்களிடம் பெயர் வைத்திருந்தவர்களில் பலருக்குப் பணம் போகவில்லை. விதி நமது பாதுகாப்புக்காகத்தான். ஆனால் ஐந்து வருஷமாகத் தானே நடந்த காரியத்தை ஆறாவது வருஷம் போய்ப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

மூன்றாவது, போலிக் கடிதங்கள். "உங்கள் டொமைன் முடியப் போகிறது, உடனே கட்டுங்கள்" என்று சம்பந்தமே இல்லாதவர்கள் பயமுறுத்தி எழுதுவார்கள். இரண்டு தடவை ஜாக்கிரதையாக அழித்தவர், மூன்றாவதாக வரும் உண்மையான கடிதத்தையும் அழித்துவிடுகிறார். முன்பெல்லாம் ஒரு பெயரின் சொந்தக்காரர் யார், அவர் போன் எண் என்ன என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல மனசுள்ளவர் கூப்பிட்டுச் சொல்ல வழி இருந்தது. 2018-ல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு அந்த விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டன.

நான்காவது, எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது. ஒரு கம்பெனி தானே உழைத்துச் சம்பாதித்த நற்பெயரைச் சொத்தாகக் கணக்கில் காட்டக் கூடாது என்பது கணக்கியல் தரம் 26 சொல்லும் விதி. அது சரியான விதிதான். ஆனால் அதன் விளைவாக, கட்டிய ஆயிரம் ரூபாய் "இதர செலவுகள்" என்ற தலைப்பில் காபி, டீ செலவோடு போய் உட்கார்ந்துகொள்கிறது. பெயரின் மதிப்பு எங்கே இருக்கிறது? விசிட்டிங் கார்டில், பெயர்ப் பலகையில், மற்றவர்கள் தங்கள் தளங்களில் கொடுத்த இணைப்பில், வாடிக்கையாளரின் ஞாபகத்தில். இவை எதுவும் நம் புத்தகத்தில் இல்லை. செலவைக் குறைக்க உட்காரும் புது மேனேஜர் அந்தச் சின்னத் தொகையைத்தான் முதலில் அடிப்பார்.

ஐந்தாவது, பாகப் பிரிவினை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து அச்சகம் நடத்தினார்கள். சுமுகமாகத்தான் பிரிந்தார்கள். மெஷின், கடை அட்வான்ஸ், வரவேண்டிய பாக்கி, டெலிபோன் டெபாசிட் வரை பட்டியலில் இருந்தது. இணையதளப் பெயர் இல்லை. எட்டு மாதம் கழித்து அந்தப் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. "நீ கட்டியிருப்பேன்னு நெனச்சேன் அண்ணா" என்கிறார் தம்பி. "கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் நீதானேடா பார்த்துண்டே" என்கிறார் அண்ணா. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இருபது வருஷத்துப் பெயர் போனதும் நிஜம்தான்.

ஆறாவது, மரணம். வங்கிக் கணக்குக்கு நாமினி போட்டிருப்போம். டொமைனுக்கு வாரிசு யார் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? பாஸ்வேர்டு அவரோடு போய்விடுகிறது. பதிவாளரிடம் எழுதினால் மரணச் சான்றிதழ், வாரிசுக்கான ஆவணங்கள் என்று கேட்பார்கள். கேட்பதும் முறைதான். வீட்டில் பதின்மூன்று நாள் காரியம் முடிந்து மனிதர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள், கெடு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

தெரிந்தே விடுபவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் பெயர்களை வாங்கிப் போடும் வியாபாரிகள், விற்காததைக் கழித்துக் கட்டுவார்கள். அது அவர்கள் கணக்கு. கம்பெனியை மூடுகிறவர்களும், வேறு பெயருக்கு மாறுகிறவர்களும் பழையது எதற்கு என்று விடுவார்கள். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி நம் நாட்டு வங்கிகளுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாறக் கெடு வைக்கப்பட்டது. மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் வாடிக்கையாளர்களின் பழக்கத்தில் பழைய பெயர் இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கும். அதைக் கைவிட்டால் யார் கையில் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏனென்றால், போவது வெறும் பக்கம் அல்ல. பெயரை எடுத்துக்கொண்ட புதியவர் நினைத்தால், அந்தப் பெயரில் உள்ள எந்த முகவரிக்கு வரும் இ-மெயிலையும் தான் பெற்றுக்கொள்ள முடியும். பழைய தபால்கள் அவருக்குக் கிடைக்காது. இனி வருபவை எல்லாம் கிடைக்கும். ஒரு கிளை ஜாதகப் பரிவர்த்தனை நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மலரில் அச்சான முகவரியைப் பார்த்து, ஒரு தகப்பனார் தன் பெண்ணின் ஜாதகம், போட்டோ, சம்பளம், வீட்டு முகவரி, செல்போன் எண் அனைத்தையும் அனுப்புகிறார். அது முன்பின் தெரியாத ஒருவர் பெட்டியில் போய் விழுகிறது. அனுப்பியவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. பழைய கணக்குகளுக்கு "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால், புதிய பாஸ்வேர்டும் அவருக்கே போகும்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்திருக்கிறது. டாட் இன் பெயர்களுக்குத் தனித் தீர்வு முறையும் உண்டு. டாட் காம் பெயருக்கு ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் முறையிட, ஒரே நடுவர் என்றால் 1500 டாலர் கட்டணம். வக்கீல் செலவு தனி. அதோடு, எதிராளி கெட்ட எண்ணத்துடன்தான் பதிவு செய்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டும். நாமே விட்டுக்கொடுத்த பெயருக்கு அது சுலபமல்ல.

ஆகவே கிளை நிர்வாகிகளிடமும், சொந்தத் தொழில் செய்பவர்களிடமும் சில விண்ணப்பங்கள்.

பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாகி இருக்கட்டும். காரியதரிசியின் பெயரிலோ, அவர் பிள்ளையின் பெயரிலோ வேண்டாம். தொடர்பு முகவரி அந்த டொமைனுக்கு வெளியே இருக்கட்டும். அதைக் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் பார்க்கட்டும். வங்கிக் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வைக்கிறோம் அல்லவா, அது போலத்தான். வசதி இருந்தால் ஐந்து, பத்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஆனால் கட்டிவிட்டு மறந்துவிட வேண்டாம். பணம் கட்டிய பின்பும் பெயர் புதுப்பிக்கப்படாமல் போனது உண்டு. 2007-ல் அமெரிக்காவில் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற பதிவாளரின் அங்கீகாரம் ரத்தானபோது அதன் வாடிக்கையாளர்கள் பட்ட பாடு அதுதான். கட்டிய பிறகு, கெடு தேதி மாறியிருக்கிறதா என்று பதிவேட்டில் ஒரு தடவை பாருங்கள்.

முக்கியமானது கடைசியில். ஒவ்வொரு ஆண்டும் புதிய நிர்வாகக் குழுவிடம் சாவி, மினிட் புத்தகம், நாற்காலி, பாத்திரங்கள் என்று பட்டியல் போட்டு ஒப்படைக்கிறோம். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: இணையதளப் பெயர், பதிவாளர் யார், கெடு தேதி என்ன, பொறுப்பாளர் யார். வீட்டில் இருப்பவர்கள் உயில் எழுதும்போதோ, வங்கி விவரங்களைக் குறித்து வைக்கும்போதோ இதையும் குறித்து வையுங்கள்.

இந்த உரை பத்திரிகையில் வந்து, பல ஊர்களில் இதைப் படிக்கும் கிளைக் காரியதரிசிகளும் இன்று சாயங்காலமே ஒரு போன் போட்டு, "நம்ம பேர் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். பதில் உடனே வந்தால் சந்தோஷம். "விசாரிச்சுச் சொல்றேன்" என்று பதில் வந்தால், விசாரிக்கும்வரை விடாதீர்கள்.